என் தொப்பைமேல் எடுத்த ஸ்கேன்

பேத்திக்கு ஒன்றரை மாசம். முதுகு முடிகிற இடத்தில் ஒரு சின்னக் குழி, அதில் கொஞ்சம் முடி. அதிர்ஷ்டம் என்றேன் நான். குழந்தை டாக்டர் வேறு மாதிரி சொன்னார். உள்ளே தண்டுவட நரம்பு கீழே ஒட்டிக்கொண்டிருந்தால் ஆபரேஷன் செய்யணுமாம், விட்டால் பின்னால் கால் இழுக்குமாம், ஸ்கேன் பார்த்துவிடுங்கள் என்றார். அன்றிலிருந்து மருமகள் ரோகிணி சரியாகச் சாப்பிடவில்லை. நானும்தான். அதை யாரும் கவனிக்கவில்லை.

ஏ.எஸ்.ராவ் நகரில் ஸ்கேன் எடுக்கிற இடத்தில் வாசலிலேயே போர்டு: வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம்.

"தெரிஞ்சதைச் சொல்ல மாட்டோம்னு எழுதியே வச்சிருக்கான். முதுகைப் பத்தி மட்டும் நெசம் சொல்வானா?"

"அது சட்டம் மாமா. உள்ளே வந்து இப்படிப் பேசாதீங்க," என்றாள் ரோகிணி.

ஸ்கேன் டாக்டர் நஸ்ரின் வாணியம்பாடிப் பெண்; இந்தத் தெலுங்கு ஊரில் எங்களோடு தமிழிலேயே பேசினார்.

"எலும்பு நரம்பை மறைக்காதா?" என்று மடக்கினேன்.

"இந்த வயசுல எலும்பு முத்தலைங்க ஐயா. இன்னும் சில மாசம் போனா மறைக்கும்."

பதில் நியாயமாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் கூடியது.

குழந்தையைக் குப்புறப் போட்டுப் பசை தடவினார்கள். அலறல். பால் கொடுத்தும் அடங்கவில்லை.

ரோகிணி தயங்கிச் சொன்னாள். "மாமா தொப்பைமேல போட்டாத்தான் தூங்குவா."

டாக்டர் சிரிக்கவில்லை. "படுங்க ஐயா. முதுகு வளைஞ்சிருந்தா எனக்கும் நல்லாத் தெரியும்."

சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தேன். பேத்தி கவிழ்ந்தாள், தூங்கிப்போனாள்.

"இந்தப் பசை எதுல செய்யறது?"

"பேசாதீங்க. படம் ஆடுது."

ரோகிணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் டாக்டர் கருவியைக் குழிமேல் மெல்ல நகர்த்தினார். எனக்குத் தெரிந்தது மேலே சுற்றுகிற ஃபேன் மட்டும்தான். நெஞ்சு அடித்துக்கொண்டது.

"ஐயா, நெஞ்சையும் கொஞ்சம்..."

"அது என் கையில இல்லம்மா."

கடைசியில் டாக்டர் சொன்னார். "நரம்பு முடிய வேண்டிய இடத்துலயே முடியுது. எங்கேயும் ஒட்டலை, நல்லா அசையுது. குழி தோலோட சரி. ஆபரேஷன் வேண்டாம்."

ரோகிணி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

நான் விடவில்லை. "அசையறது அவ நரம்பா, என் வயிறா?"

டாக்டர் டிவியை என் பக்கம் திருப்பினார். கறுப்புக்கு நடுவே வெள்ளைக் கோடு ஒன்று துள்ளியது.

"மூச்சைப் பிடிங்க."

பிடித்தேன். வயிறு நின்றது. கோடு துள்ளிக்கொண்டே இருந்தது.

"இன்னொரு தடவை," என்று சொல்லி மறுபடியும் பிடித்தேன்.