கடைசி ஃப்ரெட் வரைக்கும்

தங்கைக்குப் புதுக் கிட்டார் செய்யக் கொடுக்க இருவரும் வந்திருந்தார்கள். பட்டறை மேசையில் மாதிரிக்கு இரண்டு கிட்டார்கள் இருந்தன. ஒன்றின் கழுத்தை உடலோடு திருகாணிகள் பிடித்திருந்தன. மற்றதில் தலையிலிருந்து அடிவரை நடுவே ஒரே மேப்பிள் மரம் ஓடியது; உடல் அதன் இருபுறமும் ஒட்டப்பட்டிருந்தது.

"திருகாணி வச்சதே போதும். கழுத்து கோணினா மாத்திக்கலாம்," என்றான் அண்ணன். இசைக்குழுவில் தனி வாசிப்பெல்லாம் அவனுக்குத்தான்; தங்கை பின்னால் நின்று, பல தந்திகளைச் சேர்த்து மீட்டும் கார்டு பிடிப்பாள்.

அவள் முதல் கிட்டாரை வாசித்துப் பார்த்தாள். உச்ச சுரங்களுக்கு ஏறிய கை, கழுத்து சேரும் இடத்துத் தடிப்பில் முட்டி நின்றது. இரண்டாவதில் கடைசிக் குறுக்குக் கம்பியான கடைசி ஃப்ரெட் வரை வழுக்கிக்கொண்டு போனது.

"அங்க உனக்கென்ன வேலை? அது என் ஏரியா."

"பட்டா போட்டு வச்சிருக்கியாண்ணே?"

கிட்டார் செய்பவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ஒரே மரம்னா பின்னாடி மாத்த முடியாதும்மா."

"மாத்தறதா இல்லைங்க."

"கிட்டார் உடம்புக்காவது லேசான மரமா போடுங்க, தோள் தாங்காது," என்றான் அண்ணன்.

அவள் அங்கிருந்ததிலேயே கனமான மஹோகனிப் பலகையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டாள். "இதைப் போடுங்க."

அண்ணனின் குரல் இறங்கியது. "அப்போ பின்னால கார்டு யார் பிடிக்கிறது?"

"உனக்குத் தெரியாத கார்டாண்ணே?"