காலொடிச்சானும் பேரிக்காய் ஒயினும்

"நிறுத்து! ஒரு பாட்டில்கூட மூடாதே!"

கையில் கோப்பையோடு ஓடிவந்த ஒயின்காரி, இயந்திரத்தின் சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தாள். வரிசையாக நகர்ந்துகொண்டிருந்த பாட்டில்கள் கிணுகிணுத்து நின்றன.

தோட்டம் தோட்டமாகப் போய் ஒயினைப் பாட்டிலில் அடைத்துத் தரும் லாரியின் சொந்தக்காரனான அண்ணன் தலையில் கைவைத்தான். "மறுபடியுமா?"

"அந்த ருசி வரலண்ணா."

"உன் நாக்குக்கு முதல்ல ஒரு மூடி போடணும். மத்தியானம் நான் அடுத்த தோட்டத்துல நிக்கணும்டி."

"கிளம்பு. மொத்தத் தொட்டியும் வினிகருக்குப் போகட்டும்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. மூன்று வருடம், பதினொரு தோல்வி. பன்னிரண்டாவதும் தப்பினால் இந்த ஒயினையே மறந்துவிடுவது என்று தனக்குத்தானே சத்தியம் செய்திருந்தாள்.

எல்லாம் ஒரு டம்ளர் பேரிக்காய்ச் சாற்றுக்காக.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. வீடு மாறிய நாள். சாமான் ஏற்றிய வேன் பாதி வழியில் புகை கக்கிப் படுத்துவிட்டது. மண்டையைப் பிளக்கும் வெயில். அம்மாவும் அப்பாவும் காலையிலிருந்தே முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பாதான் அம்மா காய்ச்சிக் கொண்டுவந்த சாறு ஜாடியைத் திறந்து ஆளுக்கொரு டம்ளர் ஊற்றினார். அம்மா வேண்டாவெறுப்பாக ஒரு வாய் குடித்தாள். புருவம் உயர்ந்தது.

"என்னங்க இது, இப்படி இருக்கு!"

சிரிக்கத் தொடங்கியவள் நிறுத்தவே இல்லை. சாலையோரத்தில் மெத்தையை விரித்து நாலு பேரும் ஜாடியைக் காலி செய்தார்கள். வறுத்த கொட்டையின் மணம். நாக்கின் ஓரத்தில் மெல்லிய துவர்ப்பு. அதன்பிறகு அம்மா எத்தனையோ முறை அதே சாறு காய்ச்சினாள். அந்த ருசி மட்டும் வரவே இல்லை.

அந்த நாளின் இன்னொரு மிச்சம், அண்ணனின் பட்டப்பெயர். சாமான் இறக்கும்போது பார்த்தால், அம்மாவின் கல்யாணத்துக்குத் தாய்மாமா கொடுத்த வால்நட் மர நாற்காலியில் ஒரு காலைக் காணோம். வேனில் அதன்மேல் ஏறிக் குதித்தவன் அண்ணன். விசாரணையே இல்லாமல் தீர்ப்பு வந்தது. அன்றிலிருந்து அவன் 'காலொடிச்சான்'. தச்சரான அப்பா வேறு மரத்தில் ஒரு கால் செய்து மாட்டினார். அந்த நாற்காலி இப்போது ஒயின்கூடத்து முன்னறையில் அம்மாவின் சிம்மாசனம்.

முதல் பாட்டிலை வாங்க வந்த அம்மாவும் அப்பாவும் லாரிக்குப் பக்கத்தில்தான் நின்றார்கள்.

"அம்மா, அன்னிக்கு என்னதான் போட்டே?"

"பேரிக்காய், தண்ணி, சர்க்கரை. எத்தனை தடவைடி கேட்பே? நான் என்ன புதையலையா ஒளிச்சு வச்சிருக்கேன்?"

"ஜாடியில ஏதாவது ஒட்டியிருந்துச்சா?"

"தேய்ச்சுக் கழுவின ஜாடி. மூடியைத்தான் உங்கப்பா எந்த மூட்டையிலயோ கட்டித் தொலைச்சிட்டாரு. அதுக்குத்தானே காலையிலேயே சண்டை!"

ஒயின்காரி நிமிர்ந்தாள். "மூடி இல்லாம வேன்ல எப்படிச் சிந்தாம வந்துச்சு?"

"அப்பாதான் எதையோ வச்சு அடைச்சாரு."

மூன்று பேரும் திரும்பினார்கள். அப்பா சட்டைப் பையைத் தடவினார்.

"மூக்குக்கண்ணாடியை உள்ள வச்சிட்டேன் போல" என்று நழுவினார். கண்ணாடி அவர் மூக்கின்மேலேயே இருந்தது.

அண்ணன் குழாய்களைச் சுருட்டத் தொடங்கினான். உள்ளேயிருந்து கரகரவென்று ஏதோ சத்தம். பிறகு கருகல் வாடை. அப்பா திரும்பி வந்தபோது, அவர் இடுக்கியில் விரல்நீள மரத்துண்டு ஒன்று கரிந்து புகைந்துகொண்டிருந்தது. ஒயின் கூஜாவுக்குள் அதைப் போட்டார். சுர்ரென்றது.

"ஒரு மணி நேரம் பொறு" என்றார்.

ஒரு மணி நேரம் கழித்து ஒயின்காரி ஒரு வாய் உறிஞ்சினாள். வெயில், மெத்தை, படுத்துக் கிடந்த வேன் எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. கோப்பையை அம்மாவிடம் நீட்டினாள்.

அம்மா குடித்தாள். புருவம் உயர்ந்தது.

"என்னங்க இது, இப்படி இருக்கு!"

ஒயின்காரி அண்ணனைக் கட்டிக்கொண்டு குதித்தாள். "அண்ணா, ஒரு மாசம் கழிச்சு வா! தொட்டி முழுக்க இந்த மரம் ஊறணும்! அப்பா, இது என்ன மரம்?"

"வால்நட்" என்றார் அப்பா, தரையைப் பார்த்து.

"சிரிச்சுச் சிரிச்சுக் கால் வலிக்குது. கொஞ்சம் உட்காரணும்" என்று அம்மா முன்னறைக்குப் போனாள். மறுநொடி தடாலென்று சத்தம்.

"ஐயோ, என் நாற்காலி!"

மூவரும் ஓடினார்கள். அம்மா இழுத்த நாற்காலி குப்புறக் கிடந்தது. வால்நட் கால்களில் ஒன்று பாதிதான் இருந்தது. பக்கத்தில் ரம்பம்.

அண்ணன் ரம்பத்தைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். "அப்பா... அன்னிக்கு ஜாடியை எதை வச்சு அடைச்சீங்க?"

"மரமெல்லாம் வண்டியில ஏறிடுச்சுடா. கையில கிடைச்சது அந்த நாற்காலிக் கால் ஒண்ணுதான். ஜாடிக் கழுத்துல சேரலைன்னு முனையை அடுப்புல கருக்கிச் செருகினேன். உங்கம்மா இருந்த கோபத்துல..."

"இருபத்தாறு வருஷம்ப்பா!"

அப்பா மகனின் தோளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அம்மாவுக்கும் கேட்கும்படி சொன்னார்:

"காலொடிச்சான் நான்தான்டா."