யார் தட்டினாலும்

நடிக்க ஆள் தேடி வந்துவிட்டு, "நடிக்காதே தம்பி, தயவுசெஞ்சு நடிக்காதே" என்று கெஞ்சும் டைரக்டரை லொரெய்ன் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலிருந்த அந்தச் சிற்றூருக்கு அதற்கு முன் எந்த டைரக்டரும் வந்ததில்லை என்பது வேறு விஷயம். அவர் பெயர் நீல். பள்ளிக்கூடத்துக்குத் துப்பாக்கியோடு வரும் ஒரு பையனைப் பற்றிப் படம் எடுக்கிறார். எல்லாம் நிஜம்போல இருக்க வேண்டுமாம். அதனால் மேக்கப் இல்லை, பாட்டு இல்லை, எழுதிவைத்த வசனம் இல்லை, நடிகர்களும் இல்லை. கோடை விடுமுறையில் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தை வாடகைக்குப் பிடித்து, அங்கே படிக்கிற பிள்ளைகளையே வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்.

அந்தத் துப்பாக்கிப் பையனாக அவர் தேர்ந்தெடுத்தது லொரெய்னின் மகன் டெவினை.

"ஊர்ல இத்தனை பசங்க இருக்கறப்ப என் பையன் எதுக்கு?" என்று கேட்டாள்.

"அவன் முகத்துல ஏதோ ஒண்ணு இருக்குங்க. சொல்லிக்குடுத்து வராது அது."

அது என்னவென்று அவளுக்கா தெரியாது? மதியச் சாப்பாட்டைத் தனியாகவே சாப்பிட்டுப் பழகிய முகம். பெற்றவளுக்குச் சுருக்கென்றது. முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது காரில் டெவின் வாய் ஓயாமல் பேசினான். மாதக்கணக்காக 'ம்' என்பதைத் தாண்டிப் பேசாத பிள்ளை.

"அம்மா, ப்ரியானா இருக்கால்ல, அவ சிப்ஸ்ல எனக்குப் பாதி குடுத்தா. நான் கேக்கவே இல்ல, அவளாவே குடுத்தா."

அந்தப் பாதி சிப்ஸுக்காக லொரெய்ன் சம்மதித்தாள். படம் எப்படியாவது போகட்டும், அது முடிவதற்குள் ஒரே ஒரு பிள்ளையாவது இவனுக்குச் சிநேகமாகிவிட வேண்டும். அவள் வேண்டிக்கொண்டது அவ்வளவுதான்.

வயது வராத பிள்ளை நடித்தால் பெற்றவர் கூடவே இருக்க வேண்டும் என்பது சட்டம். மருந்துக்கடை வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கேமரா பார்ப்பதைக் காட்டும் சின்னத் திரைக்கு முன்னால் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இடைவேளைகளில் பிள்ளைகள் அவனைக் கலாய்ப்பது அவள் காதுக்கு இன்பமாகவே இருந்தது.

"டேய் டெவின், எங்களைச் சுட்டு முடிச்சதும் ஐஸ்க்ரீம் வாங்கித் தருவியாடா?"

"செத்தவங்களுக்கு எதுக்குடி ஐஸ்க்ரீம்?"

"பாருடா, ஊமை பேசுது!"

அவனும் சேர்ந்து சிரித்தான். யாரோ அவன் தோளில் தட்டினார்கள்.

அன்றைக்கு எடுத்தது நடைபாதைக் காட்சி. பையன் பையைத் தூக்கிக்கொண்டு வகுப்பறைகளைத் தாண்டி நடக்க வேண்டும், உள்ளே பிள்ளைகள் ஒளிந்திருக்க வேண்டும். "உங்களுக்கு நான் என்ன சொல்லிக்குடுக்கறது? வருஷா வருஷம் டிரில்ல செய்யறதையே செய்யுங்க" என்றார் நீல். சொல்லவே தேவையில்லை. துப்பாக்கியோடு யாராவது நுழைந்தால் எப்படி ஒளிந்துகொள்வது என்று பள்ளிக்கூடத்தில் நடத்தும் ஒத்திகைதான் அந்த டிரில். இந்த ஊர்ப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே அதைக் கற்றவர்கள். விளக்கை அணை, கதவைத் தாழிடு, சுவரோரம் ஒண்டிக்கொள், மூச்சு விடாதே, யார் தட்டினாலும் திறக்காதே.

டெவின் நடந்தான். கதவுகளைத் தாண்டிக்கொண்டே போக வேண்டியவன், ப்ரியானா இருந்த வகுப்பின் முன்னால் நின்றான். பையைக் கீழே வைத்தான். கதவைத் தட்டினான்.

"ப்ரியானா, நான்தான். டெவின். பாத்ரூம் போயிருந்தேன். கதவத் தொற."

லொரெய்னுக்கு ஒன்றும் புரியவில்லை. "இப்படி நீங்க சொல்லவே இல்லையே?"

நீல் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கிசுகிசுத்தார். "இது அவனுக்கே நடந்ததுங்க. போன வருஷம் ஒரு டிரில்ல வெளிய மாட்டிக்கிட்டானாம். டிரில்லா நிஜமான்னு அவனுக்குத் தெரியாது. தட்டித் தட்டிப் பாத்திருக்கான், ஒருத்தரும் தொறக்கல. முதல் நாளே எங்கிட்ட சொன்னான். உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. அன்றும் அவள் வழக்கம்போல "ஸ்கூல் எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டிருப்பாள். "நல்லா இருந்துச்சு" என்றிருப்பான். பீட்சாவைச் சூடு பண்ணிக் கொடுத்திருப்பாள். முன்பின் தெரியாத மனுஷர் ஒரே நாளில் கேட்டு வாங்கியதை, பெற்றவள் ஒரு வருஷமாகக் கேட்காமல் இருந்திருக்கிறாள்.

திரையில் அவன் இன்னும் தட்டிக்கொண்டிருந்தான். "ஏய், படந்தானே இது. நான்தான்னு தெரியுதுல்ல? தொறங்கப்பா."

உள்ளே சத்தமே இல்லை.

அதற்குமேல் அவளால் பார்க்க முடியவில்லை. ஒயர்களைத் தாண்டி ஓடிப்போய், கேமராவுக்குக் குறுக்கே புகுந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். நீல் "கட்" என்று கத்தினார்.

தாழ் விலகிக் கதவு திறந்தது. இருட்டில் பிள்ளைகள் முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். யார் முகத்திலும் சிரிப்பில்லை. கதவருகே நின்ற ப்ரியானா லொரெய்னைப் பார்த்துத் தேம்பிக்கொண்டிருந்தாள்.

"படம்னு தெரியும் மிசஸ் ஹேவர். எழுந்திருக்கணும்னுதான் நெனச்சேன். காலே வரல. தெரிஞ்ச குரலா இருந்தாலும் தொறக்கக் கூடாதுன்னுதானே எங்களுக்குச் சொல்லிக்குடுத்தீங்க."

அவளைத் திட்ட லொரெய்னுக்கு வாய் வரவில்லை. சொல்லிக்கொடுத்தது பெரியவர்கள்தானே. தன் மகனுக்கும் சேர்த்துத்தானே சொல்லிக்கொடுத்தார்கள்.

டெவின் அவள் கையை விலக்கினான்.

"ஏம்மா நடுவுல வந்தே? இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா தொறந்திருப்பாங்க." பிறகு நீல் பக்கம் திரும்பினான். "சார், இன்னொரு தடவ எடுக்கலாமா?"

நீல் லொரெய்னைப் பார்த்தார். அவள் தலையசைக்காமல் எடுக்க முடியாது. வேண்டாம் என்று சொல்லி அவனை வீட்டுக்கு இழுத்துப் போயிருக்கலாம். ஆனால் மகன் முகத்தில் அத்தனை ஆசை. அதைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு நாற்காலிக்குத் திரும்பினாள்.

டெவின் பையை எடுத்துக்கொண்டு நடைபாதையின் கோடிக்கு ஓடினான். ப்ரியானா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். விளக்கு அணைந்தது. பழகிய கை தாழைப் போடும் சத்தம் கேட்டது.