ஏழாம் பாத்தியின் கல்சியம்

2014 ஓகஸ்ட் 9ஆம் திகதி, பாலாவியில் ஒரு தனியார் உப்பளத்தில், கடைசிப் பாத்தியான ஏழாம் பாத்தியின் உப்பு முழுவதும் கழிவென்று ஒதுக்கப்பட்டது.

அந்த உப்பளத்தில் மடை திறப்பவன் அன்ரனி. மறுநாள் பின்னேரம் அவன் தன் கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு, முன்னறைக் கதிரையில் வியர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்தான். கோட்டுக்குக் கீழே சாரம். பேராசிரியராக நடிக்கும்படி மனைவி தர்சிகாவின் உத்தரவு.

அவளுக்குப் புதன்கிழமை பல்கலைக்கழகத்தில் நேர்முகம். புவிச்சரிதவியற் பகுதியில் உதவி விரிவுரையாளர் இடம் ஒன்றே ஒன்று. போன வருடமும் போய், கேள்வி ஒன்றில் நாக்குப் புரளாமல் நின்றுவிட்டுத் திரும்பியவள். இந்த முறையும் தவறினால் புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டுவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் செய்வாள். வீட்டார் வேண்டாம் என்றும் அன்ரனியைக் கட்டியவள் அல்லவா?

அன்ரனி அவள் எழுதிக் கொடுத்த கேள்வித் தாளைப் பார்த்துக் குரலைக் கனமாக்கினான். "தோரமல்லி, அதாவது டூர்மலின் கல், எங்கே விளையும்?"

"பூமிக்குள்ள உருகின கருங்கல் குழம்பு ஆறி இறுகேக்க, முதல்ல இறுகிற கனிமங்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போயிடும். போரன், லிதியம், தண்ணி எல்லாம் கடைசிமட்டும் மிஞ்சும். அந்த மிச்சக் குழம்பு பாறை வெடிப்புக்குள்ள பெரிய பெரிய பளிங்கா இறுகினா அதுக்குப் பேர் பெக்மடைட்டு. தோரமல்லி அதுக்குள்ளதான்."

"கலியாண வீட்டில கடைசிப் பந்தி மாதிரி."

"பேராசிரியர் பகிடி விடமாட்டார். அடுத்தது."

மேசையில் இருந்த கல் துண்டை அவன் எடுத்தான். ரூபாய்க் குற்றி அளவில் மெல்லியதாக வெட்டப்பட்டது. வெளிச்சத்தில் பிடித்தால் முக்கோணத்துக்குள் முக்கோணமாகச் சிவப்பும் பச்சையும் தெரிந்தன. அவளுடைய ஆய்வு முழுவதும் இந்தத் துண்டின் மேல்தான் நின்றது.

"இதில என்ன விசேசம்?"

"நடுவில சோடியம். ஓரத்தில கல்சியம். கல்சியம் கூடின தோரமல்லி அபூர்வம்."

அன்ரனி தாளைக் கீழே வைத்தான். "குழம்பு ஆறேக்க கல்சியம் எப்ப இறுகும்?"

"முதல்லயே. பெல்ஸ்பார் எண்ட கனிமம் எடுத்திடும்."

"ஓரம் எப்ப வளர்ந்தது?"

"கடைசியா."

"முதல் பந்தியில சாப்பிட்டு எழும்பினவர் கடைசிப் பந்தியில எப்பிடி இருக்கிறார்?"

தர்சிகா தாளை எடுத்து அவன் கையில் திணித்தாள். "தாளில இருக்கிற கேள்வியை மட்டும் கேளுங்கோ."

"எங்கட பாத்தியிலயும் இதேதான். கடல்தண்ணி நாலாம் பாத்தியில நிக்கேக்கயே ஜிப்சமா அடியில படிஞ்சு கல்சியம் போயிடும். கடைசிப் பாத்திக்கு ஜிப்சம் கழிஞ்ச உப்புத் தண்ணிதான் வரவேணும். அங்க ஜிப்சம் கண்டா, ஆரோ விளையாடியிருக்கினம் எண்டு அர்த்தம்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான்.

"ஏழாம் பாத்தியிலயும் ஜிப்சமெண்டுதானே கழிச்சவை? உங்கட மேற்பார்வையாளர் நெய்னார் நானா உப்புச் செறிவு மானியைப் பிழையாப் பார்த்தவர் எண்டு சொன்னீங்கள். நானும் அதை நம்பி அவற்ற மனிசியைக் கண்டு நல்லா ஏசிப்போட்டன்." அவள் பார்வை கூர்மையானது. "விளையாடினது ஆர்?"

அன்ரனி கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினான். "நான் ஆறாம் பாத்தி மடையைத்தான் திறக்கவேணும். நாலாம் பாத்தி மடையைத் திறந்திட்டன். ரெண்டும் ஒரே வாய்க்கால். ஜிப்சம் படியாத தண்ணி நேரா ஏழுக்குப் போயிட்டுது."

"கண் எங்க இருந்தது?"

"கண் இருந்தது. காதுதான் உம்மட்ட. அந்த நேரம்தான் நீர் போன் எடுத்து, கணவாய் வாங்கவா இறால் வாங்கவா எண்டு அரைமணித்தியாலம் கேட்டனீர்."

"பழி என்ர தலையிலயா? இறாலுக்குத் தலையாட்டினது ஆர்?" என்று கத்தத் தொடங்கியவள் பாதியில் நின்றாள். கல்லைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்தாள். "வெளியில இருந்து..."

"என்ன?"

"பேசாம இருங்கோ."

அலுமாரியைத் திறந்து களக் குறிப்புப் புத்தகத்தை இழுத்தாள். கல் எடுத்த இடத்தைப் பற்றிய பக்கத்தின் அடியில், அவளே எழுதி அவளே மறந்த ஒரு வரி: பெக்மடைட்டு சலவைக்கல் படையை ஊடறுத்துப் போகிறது.

"சலவைக்கல் முழுக்கக் கல்சியம்! மிச்சக் குழம்பு போகிற வழியில அதைக் கரைச்சிருக்கு. ஓரம் வளரேக்க கல்சியம் பக்கத்துப் பாறையில இருந்து வந்திருக்கு. இல்லாட்டி முதல்ல இறுகின பெல்ஸ்பார் பிறகு சிதைஞ்சு திருப்பி விட்டிருக்கலாம். ரெண்டையும் சொல்லவேணும்."

"அப்ப நான் செய்தது ஆய்வு."

"நீங்கள் செய்தது நாசம். நாளைக்கே நெய்னார் நானாவிட்ட உண்மையைச் சொல்லுறீங்கள்."

"உம்மட நேர்முகம் முடியட்டுமே."

"நாளைக்கு. கோட்டைக் கழட்டிப்போட்டுப் போங்கோ."

புதன்கிழமை நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். கடைசிக் கேள்வி, ஓரத்துக் கல்சியம் எங்கிருந்து வந்தது என்பது. தர்சிகா சலவைக்கல்லையும் பெல்ஸ்பாரையும் சொல்லி, ஏழாம் பாத்தியையும் சொன்னாள். அந்த உதாரணத்தை எந்த நூலில் படித்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். வீட்டில் என்றாள்.

செப்ரெம்பர் முதலாம் திகதி அவள் வேலையில் சேர்ந்தாள். அன்ரனியின் கைத்தொலைபேசி, வேலை முடியும்வரை நெய்னாரின் மேசை லாச்சியில் இருக்கவேண்டும் என்று உப்பளத்தில் விதி போடப்பட்டது.