நாலு எழுத்து

விஷ்ணுப்ரியா அப்பாவின் மார்பருகே தட்டை வைத்து, பெட்டியிலிருந்து நாலே நாலு எழுத்துக் கட்டைகளைப் பொறுக்கிப் போட்டாள். ஏ, ஈ, என், டி. பெட்டியை மூடிவிட்டாள்.

பக்கவாதம் வந்து அப்பா வெங்கடேஸ்வரனின் பேச்சு நின்றுபோயிருந்தது. இடது கை மட்டும் கொஞ்சம் அசையும். வேண்டியதை அந்தக் கையால் இங்கிலீஷ் கட்டைகளை அடுக்கித்தான் கேட்பார். அம்மா சீதாலக்ஷ்மிக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. அதற்காகவே மகளை பெங்களூரிலிருந்து வரவழைத்திருந்தார்கள்.

அம்மா பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைக்கப் போயிருந்தாள். அப்பா நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். தாகம் என்று சொல்ல டாக்டர் வேண்டாம். பச்சைத்தண்ணீர் அவருக்கு ஆகாது. தலைமாட்டில் ஃபிளாஸ்க்கும் ஸ்பூனும் தயாராக இருந்தன.

கரமனையில் அவருக்கு டிக்ஷனரி என்று பேர். வெள்ளைக்காரனே மறந்துபோன பழைய வார்த்தைகள் என்றால் உயிர். ஏதாவது நாலு எழுத்தைக் கொடுத்து, அதையே மாற்றி மாற்றிப் போட்டு எத்தனை பழைய வார்த்தை வரும் என்று கேட்பார். கேட்பதற்கு வேறு நேரம் கிடைக்காது, சாப்பாட்டு வேளைதான். வார்த்தையும் அர்த்தமும் சொன்னால்தான் இலையில் சாதம் விழும். அது அந்த வீட்டுச் சட்டம்.

அவள் பள்ளியில் படிக்கும்போது ஓர் ஓணத்தன்று, சித்தப்பா குடும்பம் முழுக்கப் பந்தியில் இருக்க, இதே நாலு எழுத்தைப் போட்டார். 'நீட்' என்று அடுக்கினாள். அர்த்தம் கேட்டார். சுத்தம் என்றாள்.

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதாக்கும். பழைய அர்த்தம் மாடு. மாட்டுக்கே மாடுன்னு தெரியல்லை, பாருங்கோ."

பந்தி சிரித்தது. அவள் இலையில் மட்டும் பாயசம் விழவில்லை. அவள் கல்யாணமாகிப் போகும்வரை சித்தப்பா பிள்ளை மஹேஷ் அவளை மாடு என்றுதான் கூப்பிட்டான். அவள் அதை மறக்கவில்லை. மறக்க அவள் என்ன மாடா?

"ஜலம் வேணுமாப்பா? ஒரு வார்த்தை சொல்லுங்கோ. பழசா இருக்கணும்."

அப்பா அவளை வெகுநேரம் பார்த்தார். அழுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் கை தட்டுக்கு வந்தது. ஒவ்வொரு கட்டையாகத் தள்ளித் தள்ளி அடுக்கினார். எட்னா. பிறகு அவளைப் பார்த்தார், ஃபிளாஸ்க்கைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.

"அர்த்தம்?" என்றாள்.

அர்த்தம் அவளுக்குத் தெரியும். ஆனால் சட்டப்படி அவரல்லவா சொல்லவேண்டும்? அப்பா வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. நன்றாக வேண்டும் என்று நினைத்தாள். நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அம்மா பிரசாதத்தோடு வந்தாள். "அப்பாக்கு ஜலம் குடுத்தியோ?"

"கேக்கல்லைம்மா."

அம்மா ஸ்பூனில் ஊற்றி உதட்டில் வைத்தாள். வெந்நீர் உள்ளே போகாமல் கடைவாய் வழியாகத் தலையணையில் இறங்கியது. இன்னொரு ஸ்பூன் ஊற்றினாள். அதுவும் இறங்கியது. அம்மா ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டாள்.

மறுநாள் வாய்க்கரிசி போடும்போது, காய்ந்த உதட்டில் விஷ்ணுப்ரியா போட்ட அரிசி நிற்காமல் உருண்டது. அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

ஆண்கள் எடுத்துப் போனதும் வீட்டைக் கழுவி விட்டார்கள். குளித்துவிட்டு வந்தவளுக்குத் தொண்டை வறண்டிருந்தது. அம்மா கூடத்தில் அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஃபிளாஸ்க். கட்டைகள் அடுக்கியபடியே இருந்தன. கலையாமல் எடுத்து வைத்திருக்கிறாள்.

"கடசியா எழுதினதோன்னோ. என்னடி அர்த்தம்?"

"பழைய வார்த்தைம்மா. விடு."

"பழசுன்னா அர்த்தம் இருக்குமே. சொல்லு."

சொல்லித்தான் ஆகவேண்டும். "வெள்ளைக்கார ஸாயிப்பு காலத்துச் சாதனம். ஸ்பிரிட் ஊத்திப் பத்த வெச்சு, மேசை மேலேயே வெந்நீர் போடறது."

பிழையே இல்லை. அப்பா இருந்திருந்தால் சாதம் போட்டிருப்பார்.

அம்மா தட்டைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "கேக்கல்லைன்னியே" என்றாள். அவ்வளவுதான்.

பிறகு ஃபிளாஸ்க்கைத் திறந்து டம்ளரில் ஊற்றி, தரையில் அவள் பக்கம் நகர்த்தினாள்.

"குடி."

அப்பாவுக்காக நேற்று ஊற்றி வைத்தது. டம்ளரைத் தொட்டாள். இன்னும் சூடு ஆறவில்லை.