மூன்றாம் மாடி, கடைசிக் கதவு

வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், வெயில் வருமா என்பார்கள். சின்னவள் அதெல்லாம் கேட்கவில்லை. லிஃப்டிலிருந்து எத்தனை கதவைத் தாண்ட வேண்டும், எதிர்வீட்டு வாசல் நேரெதிரே இருக்கிறதா, ஜன்னலிலிருந்து தெருமுனை தெரிகிறதா, அவ்வளவுதான். தரகர் தலையைச் சொறிந்தார். வீட்டில் கடைக்குட்டி என்பதால் சின்னவள்; முப்பத்தாறு வயதாகியும் அந்தப் பெயர் விட்டபாடில்லை.

மணிக்கு இவ்வளவு என்று ஆண்களை வரவழைக்கிற தொழில். இத்தனை வருஷம் ஒரு மேடத்தின் கீழ் செய்தாள். யார் வருவது, எப்போது வருவது எல்லாம் மேடம் இஷ்டம். இனி தன் கதவு, தன் சாவி. பிடிக்காதவனை வராதே என்று சொல்லலாம். அதற்காகச் சந்தோஷப்பட்டாளா என்றால் அதுவும் இல்லை. பல்லுக்கு ஊசி போட்டபின் கன்னம் இருக்குமே, அப்படித்தான் இருந்தாள்.

ஒப்பந்தத்துக்கு ஜாமீன் கையெழுத்து வேண்டும் என்றார் வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருக்கும் அக்கா போட்டாள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை என்று அவளிடம் சொல்லியிருந்தது. குடும்பத்தில் சின்னவளோடு முகம் கொடுத்துப் பேசுகிறவள் அக்கா ஒருத்திதான். அவளுக்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாது. மற்றதெல்லாம் மரத்துப் போனாலும் இந்தப் பயம் மரக்கவில்லை.

குடிவந்த பத்தாம் நாள் மத்தியானம் அக்கா போன் செய்தாள்.

"உன் தெருவுக்கே வந்துட்டேண்டி. கட்டடம் தெரியுது, நம்பர்தான் மறந்துபோச்சு."

அடுத்த ஆள் நான்கு மணிக்குத்தான். சின்னவள் துண்டுகளை அலமாரியில் திணித்தாள், எரிந்த மெழுகுவர்த்தியை ஒளித்தாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். வாய்தான் கெடுத்தது.

"மருந்துக்கடை வாசல்ல நில்லு. என்ன கலர் டிரஸ்?"

"எதுக்குடி?"

திரையை விலக்கிப் பார்த்தாள். "தனியாத்தான வந்திருக்க? சரி, மூணாவது மாடி, கடைசிக் கதவு. பெல் அடிக்காத, திறந்திருக்கும்."

ஆளைக் கண்ணால் பார்க்காமல் கதவைச் சொல்லக் கூடாது என்பது தொழிலில் முதல் பாடம். அது அக்காவுக்கு எதற்கு? பழக்கம் யாரைக் கேட்டுக்கொண்டு வருகிறது!

அக்கா உள்ளே வந்தபோது அறையில் யாருமில்லை. கதவுக்குப் பின்னால் நின்றிருந்த சின்னவள் தாழ் போட்டாள்.

"செருப்ப அங்க விடு. பாத்ரூம் அந்தப் பக்கம், புது சோப்பு இருக்கு. கழுவிட்டு வா."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது.

அக்கா சுற்றிலும் பார்த்தாள். பெரிய கட்டில் ஒன்று, நாற்காலி ஒன்று. கம்ப்யூட்டர் எங்குமில்லை. போய்க் கை கழுவினாள். தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

"எத்தன வருஷமா?" என்று ஈரக் கையோடு வந்து கேட்டாள்.

"ஒம்பது."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உன் பேருக்குக் கெடுதல் வேண்டாம். காலி பண்ணிடறேன்" என்றாள் சின்னவள்.

"பண்ணி எங்க போவ? கையெழுத்து இருக்கட்டும்."

அக்கா கைவிடவில்லை. தனக்கு அழுகை வரும் என்று சின்னவள் காத்திருந்தாள். வரவில்லை.

அக்கா எழுந்து செருப்பை மாட்டினாள். துப்பட்டாவை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, கைப்பிடியைத் தொடாமல் கதவருகே நின்றாள்.

"வெளிய யாராவது இருக்காங்களா, பாரு. இல்லேன்னா போறேன்."

வந்துபோகிற ஆண்கள் எல்லோரும் சொல்கிற வார்த்தை. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அது சுருக்கென்று தைத்தது. சின்னவள் கதவுத் துளையில் கண்ணை வைத்தாள். நடையில் ஒரு ஈ, காக்கை இல்லை.

"யாரோ நிக்கிறாங்க" என்றாள். "கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போ."