இரவல் லென்ஸ்

ஊசியில் நூல் கோக்க மறுபடியும் முயன்றாள் தையல்காரி. ஒரு காது இருக்கவேண்டிய ஊசிக்கு இரண்டு காது தெரிந்தது. வலது கண் கோவைப்பழமாகச் சிவந்து, தண்ணீராகக் கொட்டியது. மருந்துக்கடையில் வாங்கிய சொட்டு மருந்து எதற்கும் உதவவில்லை. கண்ணை நம்பித்தான் அவள் பிழைப்பு. கேட்டவர்களிடமெல்லாம் தூசு விழுந்துவிட்டது என்று சொல்லிவந்தாள். தூசு இல்லை என்று அவள் மனதுக்குத் தெரியும்.

வேலைக்குப் போகும் பெண்களின் விடுதியில், ஒரே அறையில் அவளும் தோழி நெட்டையும் இருந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு இனிக்கிறது. இருவருக்கும் ஒரே சீப்பு, ஒரே குடை. குடை எப்போதும் நெட்டையின் உயரத்துக்கே போகும். இவள் நனைந்ததுதான் மிச்சம். நல்ல புடவை ஒன்றுதான். யாருக்கு நேர்முகத் தேர்வோ அவளுக்கு அன்றைக்கு அது சொந்தம். எதையாவது தரத் தயங்கினால், "நான் என்ன வேத்தாளா?" என்று நெட்டை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அதை மட்டும் இவளால் தாங்கவே முடியாது.

எத்தனையோ வருஷம் கழித்து, விடுதித் தோழி ஒருத்தியின் மகள் கல்யாணத்தில் இருவரும் சந்தித்தார்கள். பேச்சுக்கும் சிரிப்புக்கும் குறைவில்லை. ஒப்பனை அறையில் நெட்டை தன் கண்ணிலிருந்த தேன் நிற லென்ஸைக் கழற்றி நீட்டினாள்.

"இந்தா, நீ கொஞ்ச நேரம் போட்டுக்கோ. போட்டோவுல ஜொலிப்படி!"

"ஒருத்தர் போட்டத இன்னொருத்தர் போடலாமா?"

"சீப்புக்கு இப்படிக் கேட்டியா? நான் என்ன வேத்தாளா?"

லென்ஸ் கழுவும் திரவம் தீர்ந்துபோயிருந்தது. நெட்டை குழாயைத் திறந்து ஓர் அலசு அலசினாள், அவ்வளவுதான். இவள் வாங்கிப் போட்டுக்கொண்டாள். ஒரே கண்ணாடியில் இரண்டு முகமும் பழையபடி தெரிந்தபோது தையல்காரிக்கு ஏற்பட்ட சந்தோஷம் பொய்யில்லை.

இப்போது கண் டாக்டரம்மா விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"லென்ஸ் ஏதாவது போட்டீங்களா?"

"இல்லீங்க. தூசு." தோழியைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு வாய் வரவில்லை.

"கருவிழியில புண்ணு வந்திருக்கும்மா. தண்ணி பட்ட லென்ஸால வந்ததுன்னா அதுக்கு மருந்தே வேற. எந்தக் கிருமியத் தேடணும்னு தெரியாம நாள் கடத்தினா பார்வை போயிடும். நிஜத்தச் சொல்லுங்க."

பார்வை என்றதும் தையல்காரி உடைந்துபோய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சாஃப்ட் லென்ஸ் பஞ்சு மாதிரி. தண்ணியில இருக்கற கிருமியயும் சேத்து உறிஞ்சிக்கும். கைய சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைச்சிட்டுத்தான் தொடணும். ஒவ்வொரு தடவையும் புதுத் திரவம் விட்டுத் தேய்ச்சுக் கழுவணும். குழாய்த் தண்ணி ஆகவே ஆகாது. அடுத்தவங்க லென்ஸத் தொடவே தொடாதீங்க!"

போட்டோ எடுத்ததும் திருப்பிக் கொடுத்த அந்த லென்ஸ் இன்னும் நெட்டையிடம்தான் இருந்தது. சொல்லாமல் விட்டால் அவள் கண்ணுக்கும் ஆபத்து. மனதைக் கல்லாக்கிக்கொண்டு தையல்காரி போன் செய்தாள். "என்னாலயாடி?" என்ற ஒற்றைக் கேள்வியோடு நெட்டை போனை வைத்துவிட்டாள். இத்தனை வருஷ நட்பு அத்தோடு முடிந்தது என்றே தையல்காரி அழுதாள்.

மறுநாள் காலையில், தையல்காரியைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலருகே நெட்டை நின்றாள். லென்ஸைக் குப்பையில் போட்டுவிட்டு, தன் கண்ணையும் பரிசோதித்துக்கொண்டு வந்திருந்தாள். மணிக்கொருமுறை சொட்டு மருந்து விடுவதை அவளே ஏற்றுக்கொண்டாள். கண் ஆற வெகுநாள் பிடித்தது. மெல்லிய தழும்பு தங்கியது, ஆனால் பார்வை போகாமல் தப்பியது.

டாக்டரம்மா அதைச் சொல்லிவிட்டுப் போனதும், "எம்மேல கோவமாடி?" என்று தையல்காரி கேட்டாள்.

"கோவந்தான். நான் நீட்டினப்பவே வேண்டாம்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ வருத்தப்படுவியேன்னு..."

நெட்டை அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

"என் வருத்தம் ரெண்டு நாள்ல போயிருக்கும்டி. கண்ணு போனா திரும்பி வருமா? அன்பா நீட்டினாலும் ஆகாதத வேண்டாம்னு சொல்லணும். அப்படிச் சொன்னா முறிஞ்சு போற நட்பு, இருந்துதான் என்ன பிரயோஜனம்?"